நாலாம் நாள் விருந்தாளி

ஜெலுத்தோங் பாசாரில் இருக்கும் எங்கள் மசாலாக் கடைக்குப் புதிதாக வரும் சீனர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கடையில் நாங்கள் இரண்டு பேர் நிற்போம். வெள்ளைத் தோலும் சின்னக் கண்ணுமாக என் மனைவி லெட்சுமி. அவள் பக்கத்தில், திருத்துறைப்பூண்டி வெயிலில் இரண்டு பக்கமும் நன்றாக வெந்த நான். வருகிறவர் நேராக லெட்சுமியிடம் போய், பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் பாஷையில், மீன் குழம்புக்கு ஆறு பேருக்கு மசாலா வேண்டும் என்பார். லெட்சுமி சுத்தத் தமிழில், "அவர்கிட்ட சொல்லுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுவாள். வந்தவர் குழம்பி நிற்கும்போது நான் ஹொக்கியனில், என்ன மீன், தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா, உறைப்பு வேண்டுமா என்று விசாரிப்பேன். பிறகு அவர் சொன்னதைத் தமிழாக்கி லெட்சுமிக்குச் சொல்வேன். அவள் அரைத்த மிளகாய், மஞ்சள், மல்லி என்று ஒவ்வொரு குவியலிலும் கரண்டியால் எடுத்துப் பையில் போட்டு முடிச்சுப் போடுவாள். சீனருக்கும் சீனத்திக்கும் நடுவில் துபாஷியாக ஒரு தமிழன். இருபத்து நாலு வருஷமாக இதுதான் என் தொழில்.

நான் இயற்கையிலேயே கூச்ச சுபாவம். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு வியர்த்துவிடும். ஹொக்கியனில் அந்தத் தொல்லை இல்லை. இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிற மாதிரி, கறை பட்டால் நமக்கென்ன என்று தைரியமாகப் பேசிவிடலாம். எதிர்க்கடை மீன்காரன் ஆ ஹாக்தான் எனக்கு வாத்தியார். முதலில் கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தான். எண்களையும் சாமான்களின் பெயர்களையும் பிறகு நானாகப் பொறுக்கிக்கொண்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இதுவே ஒரு பட்டம் மாதிரி.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். லெட்சுமி சீன வீட்டில் பிறந்து தமிழ் வீட்டில் வளர்ந்தவள். அவள் வயதுப் பெண்களில் இந்த ஊரில் இப்படிப் பலர் உண்டு. ஜாதகம் சரியில்லை, பெண் பிள்ளை அதிகம், கையில் வசதியில்லை என்று சீனக் குடும்பங்கள் கொடுத்தன. பிள்ளையில்லாத தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக்கொண்டன. நெற்றியில் திருநீறும் கையில் பால்குடமுமாக ஒரு சீன முகம் போனால் உள்ளூர்த் தமிழர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாயைப் பிளப்பது என்னைப் போல் பிழைக்க வந்தவர்கள்தான். குடிநுழைவு அலுவலகத்தில் விசாவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம், உள்ளூர்க்காரி என்ற முறையில் லெட்சுமி கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை அங்கிருந்த அதிகாரிப் பெண், லெட்சுமி முகத்தைப் பார்த்தாள், அடையாள அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக மலாயில், உங்கள் எஜமானியம்மா இங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

எங்கள் கல்யாணம் ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணம். தரகர் கொண்டுவந்த படத்தைப் பார்த்து என் அம்மா, நேபாளத்துப் பெண்ணா என்று கேட்டார். மலேசியாவில் தண்ணீர் அப்படி என்று தரகர் சமாளித்தார். லெட்சுமி பிறந்த நேரம் வளர்த்தவர்களுக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். அந்த நேரத்தையே பிறந்த நேரமாக வைத்து ஜாதகம் எழுதிவிட்டார்கள். என் ஜாதகமும் லேசுப்பட்டதல்ல. காலை பஸ் போன பிறகு, மதியச் சோறு வடிப்பதற்கு முன்பு என்று என் அப்பா சொன்னதிலிருந்து ஜோசியர் குத்துமதிப்பாக ஒரு மணியைப் பிடித்தார். இந்த இரண்டு ஜாதகங்களுக்கும் பத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தது. இந்தப் பெண் கால் வைத்த வீடு விளங்கும் என்று ஜோசியர் சொல்ல, என்னைக் கப்பல் ஏற்றாத குறையாக அனுப்பிவைத்தார்கள்.

அதே பெண்ணைப் பற்றிச் சீனச் சாமியாடி வேறு மாதிரி சொல்லியிருந்தார். புலி வருஷத்தில், அதுவும் ராத்திரியில் பிறந்த பெண். ராத்திரிப் புலி பசியோடு இருக்கும், தகப்பனைத்தான் முதலில் சாப்பிடும், வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், பெற்றவளை அம்மா என்று கூப்பிட விடாதீர்கள். பெற்றவள் அப்போது ஜெலுத்தோங்கிலேயே குடியிருந்தாள். என் மாமியார் அஞ்சலையிடம் வாரம் தவறாமல் மசாலா வாங்க வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை மசாலா வாங்க வந்தவள், இருபத்தெட்டு நாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள். முறைப்படி காகிதமெல்லாம் பிறகு எழுதினார்கள். என் மாமியார் எதையும் வியாபாரக் கணக்கில்தான் சொல்வார். "ஒரு பிள்ள வந்துச்சு, ஒரு வாடிக்க போச்சு" என்பார். ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த அம்மாள் எங்கள் கடைப்பக்கமே வரவில்லை. கொஞ்ச காலத்தில் குடும்பத்தோடு அக்கரைக்கு, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்விட்டாள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காரணம், நானும் விற்கப்பட்ட பிள்ளைதான். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டு, எதிர்வீட்டு மாரியாயிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். பிச்சைமுத்து என்று பெயரும் வைத்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். விற்ற கையோடு என்னை வீட்டுக்குத் தூக்கிவந்து பால் கொடுத்துவிட்டார்கள். மாரியாயி மட்டும் அந்த விற்பனையை விடவில்லை. எங்கள் வீட்டோடு வேலித்தகராறு வரும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, ஒன்று என் பிள்ளையைக் கொடு, இல்லை என் தவிட்டைக் கொடு என்று கத்துவாள். எங்கள் ஊரில் அது எமனுக்குக் காட்டுகிற நாடகம். இங்கே நாடகம் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான். அந்த வித்தியாசம் எனக்குப் புரிய இருபத்து நாலு வருஷம் ஆனது.

போன வருஷம் சீனப் புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருவர் எங்கள் கடைமுன் வந்து நின்றார். ஒன்றும் வாங்கவில்லை, நகரவும் இல்லை. லெட்சுமிக்கு மீசை முளைத்து முன்வழுக்கை விழுந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தார். அவர் லெட்சுமியிடம் மலாயில் ஏதோ ஆரம்பித்தார். லெட்சுமி மலாய் நன்றாகப் பேசுவாள். ஆனால் அன்றைக்கு, வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அரவை இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இயந்திரத்தைப் போடவில்லை. துணியை வைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் என்னிடம் வந்து ஹொக்கியனில் பேசினார். பெயர் ஆ செங். லெட்சுமியின் அண்ணன். அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவரைப் புலி ஒன்றும் சாப்பிடவில்லை, சிகரெட்தான் சாப்பிட்டது என்றார். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கால் வீங்கிக்கொண்டே போகிறது. கொடுத்த பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள். புத்தாண்டுக்கு வாருங்கள், நாலாம் நாள் வாருங்கள், அன்றைக்கு வீட்டில் கூட்டம் இருக்காது என்றார். எங்கள் மசாலா கட்டும் தாளிலேயே விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஆ ஹாக் மீனை வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாசாரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. எந்த நாள் என்று கேட்டான். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"நாலாம் நாளா? நாலாம் நாளு எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரன் வருவான் லா, முத்து."

பிறகு எனக்குப் பாடம் நடத்தினான். புத்தாண்டுக்கு முந்தின ராத்திரிச் சாப்பாடு அந்த வீட்டுக்கே உரியவர்களுக்கு. முதல் நாள் அப்பா வழி உறவுக்கு. இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனோடு அம்மா வீட்டுக்கு வரும் நாள். மகள் என்றால் அன்றைக்குத்தான் வர வேண்டும், வேறு நாள் வந்தால் மகள் இல்லை. மூன்றாம் நாள் போனால் சண்டை வரும், யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நாலாம் நாள் முதல் மற்றவர்கள். பழைய முதலாளி, கூட வேலை பார்த்தவன், கடன்காரன், இன்சூரன்ஸ்காரன். மிச்சம் மீதியைச் சூடாக்கிக் கொடுத்தால் போதும். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு திருக்கை மீனை எடுத்து, பாவம் லா உன் பெண்டாட்டி என்று சொல்லி நடுவில் ஒரே வெட்டாக வெட்டினான்.

மத்தியானம் கடையைக் கழுவும்போதுதான் லெட்சுமி கேட்டாள். குனிந்தபடியே, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"எந்த நாளு வரச் சொன்னாங்களாம்?"

"ரெண்டாம் நாளு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரன் வருகிற நாளில் அவளைக் கூட்டிப்போக மனசு வரவில்லை என்பது ஒரு பாதி. இன்னொரு பாதியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டோடு மாப்பிள்ளை. தலை தீபாவளிக்கு நான் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தேன், அவ்வளவுதான் என் மாமியார் வீட்டுப் பயணம். ஊரில் என் மச்சான்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் காலை ஆட்டிக்கொண்டு, காபியில் சர்க்கரை போதவில்லை என்று முகத்தைத் திருப்பும் அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கும் ஒரு நாள் மாப்பிள்ளையாகப் போய் இறங்க ஆசை வந்துவிட்டது. லெட்சுமி நிமிர்ந்து என்னை வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். சரி என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் என் மாமியார் இரண்டு நாள் தேவைக்கு மேல் மிளகாய் அரைத்தார். புத்தாண்டு நெருங்கியதும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து முறுக்குச் சுட ஆரம்பித்தார். மகளைப் பெற்றவளிடம் அனுப்ப அவருக்கு விருப்பமா இல்லையா என்று அந்த முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பாமலே பேசினார். "வெறுங்கையோட போவாதீங்க மாப்ள. அவங்க குடுத்த பிள்ளய நாம பட்டினி போட்டு வளக்கலன்னு தெரியட்டும்." அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் எடுக்கவேயில்லை. தகர டின் நிறைய முறுக்கும் அதிரசமும் தயாராயின.

இரண்டாம் நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். எங்கள் மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு லீவு இல்லை. லெட்சுமி சிவப்புப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் முறுக்கு டின் ஒரு மூன்றாம் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஃபெரியில் ஏறினோம். அங்கே ஒரு சீனக் குடும்பம் எங்களுக்கும் சேர்த்துப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னது. அதாவது லெட்சுமிக்குச் சொன்னது. என்னை அவளோடு வந்த சுமைகூலி என்று நினைத்திருக்க வேண்டும். டின் என் கையில் இருந்தது.

வீட்டு வாசலில் சிவப்புத்துணி கட்டியிருந்தார்கள். வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் என் மாப்பிள்ளை முறுக்கெல்லாம் இறங்கிவிட்டது. இருபது ஜோடிக்குக் குறையாது. கதவைத் திறந்த ஆ செங் முகத்தில் இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்ட தபாலைப் பார்ப்பது போன்ற ஒரு திகைப்பு. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர், உள்ளே வரச் சொன்னார். உள்ளே லெட்சுமியின் முகம் பல அளவுகளில் இருந்தது. பெரிய அக்காள், சின்ன அக்காள், அவர்களுடைய பெண்கள். அக்காமார் புருஷர்கள் இருவரும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைகள் உலகம் முழுக்க ஒரே ஜாதி. எங்களுக்கு வாசல் பக்கமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கையில் ஆளுக்கொரு பாக்கெட் பானம் கொடுத்தார்கள். அது விருந்தாளி நாற்காலி என்பதும் விருந்தாளி பானம் என்பதும் எனக்குத் தெரியும். லெட்சுமிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளறையிலிருந்து அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வட்ட மேசையின் முன்னால் உட்காரவைத்தார்கள். சின்ன உருவம். கால்கள் மட்டும் வேறு யாருடையதோ போலப் பெரிதாக வீங்கியிருந்தன. லெட்சுமியைத் தலைப்பூவிலிருந்து புடவைக் கரை வரை பார்த்தார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்காகக் கைக்குட்டைகூட எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி ஹொக்கியனில் கேட்டார்.

"இன்னிக்கின்னு யாரு சொன்னா? நாலாம் நாளுன்னுதான சொல்லச் சொன்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லெட்சுமியும் பார்த்தாள். அதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. இருபத்து நாலு வருஷ அனுபவம் கைகொடுத்தது.

"சாப்டீங்களான்னு கேக்குறாங்க" என்றேன்.

லெட்சுமி பாக்கெட் பானத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்து, ஹொக்கியனில், நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒரு சொல் தப்பாமல் பேசினாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன். மகளுங்க வர்ற நாளு இன்னிக்குத்தான்."

என் மனைவி வாயிலிருந்து அந்தப் பாஷையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு நாய் திடீரென்று தேவாரம் பாடினால்கூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. அக்காமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ செங் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. ஏதோ கடைச்சாமானில் குறை கண்டதுபோல, "மீன் மார்க்கெட்டுப் பேச்சு" என்றார். அப்புறம் மேசையைப் பார்த்தார், ஒருமுறை எண்ணினார்.

"கிண்ணம் ரெண்டு கொறையுது. அடுப்படியில மேல் தட்டுல இருக்கு. போய் எடுத்தா."

விருந்தாளியை யாரும் அடுப்படிக்கு அனுப்புவதில்லை. அது இங்கேயும் அப்படித்தான், திருத்துறைப்பூண்டியிலும் அப்படித்தான். லெட்சுமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். பெரிய அக்காள் பின்னாலேயே போய், அந்தத் தட்டு இல்லை, அதற்கு மேல் தட்டு என்று சொல்வது கேட்டது. பிறகு பாத்திரச் சத்தம். பிறகு இரண்டு பெண்கள் ஏதோ சின்னதாகச் சிரிக்கும் சத்தம். மூத்த மாப்பிள்ளை எழுந்து வந்து என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மேசையோரம் போட்டார். நான் உட்கார்ந்து, ஒரு யோசனைக்குப் பிறகு, காலை லேசாக ஆட்டிப் பார்த்தேன்.

அவர்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. சாப்பிட ஆரம்பிக்கும் முன் சின்னவர்கள் ஒவ்வொருவராகப் பெரியவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். "மா, சியாக்" என்றார் ஆ செங். "மா, சியாக்" என்றார்கள் அக்காமார். மாப்பிள்ளைகளும் சொன்னார்கள். முறை லெட்சுமியிடம் வந்தது. எல்லாச் சாப்பாட்டுக் குச்சிகளும் காற்றில் நின்றன. சாமியாடி ஐம்பது வருஷத்துக்கு முன் போட்ட தடை அந்த மேசையில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த அம்மாளுக்குத் தெரியும். லெட்சுமி உதட்டைத் திறந்தாள், மூடினாள். பிறகு முறை எதுவும் சொல்லாமல், "சியாக்" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு வாத்துக்கறியில் தொடைப்பக்கத் துண்டு ஒன்றை எடுத்து லெட்சுமியின் கிண்ணத்தில் போட்டார். பெரியவள், சின்னவள் கிண்ணங்களுக்குப் போனதும் அதே அளவுத் துண்டுதான். நான் கவனித்துப் பார்த்தேன். என் மாமியாரின் முறுக்கைப் பல் இல்லாத வாயில் வைத்து அரைமணி நேரம் ஊறவைத்தே தின்றார். கிளம்பும்போது டின்னைக் கழுவி, அதில் ஆரஞ்சுப் பழங்களை நிரப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷம் என்று ஆரம்பித்து, கால் இருந்தால் என்று முடித்தார்.

திரும்பும்போது ஃபெரியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நான் நேராகவே கேட்டுவிட்டேன். எப்போதிலிருந்து உனக்கு ஹொக்கியன் தெரியும்?

"ஜெலுத்தோங்குல பொறந்து வளந்தவளுக்குத் தெரியாம இருக்குமா? நீங்கதான் என்னைக் கேக்கவேயில்ல."

சின்ன வயதில் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, சீனப் பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே அவளைப் பற்றிப் பேசுவார்களாம். இதுதான் அந்தப் புலிப் பிள்ளை, இதன் அம்மாவுக்குப் போன மாதம் வயிற்றில் ஆபரேஷன், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அண்ணன்காரன் பட்டறை வைத்திருக்கிறான் என்று. அவளுக்குப் புரியாது என்று நினைத்ததால் எல்லாவற்றையும் பேசினார்கள். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்படி மசாலாவுக்கு மேலாக வந்தவைதான்.

"புரியுதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்கல்ல. அதான் வாயைத் தொறக்கல. அப்புறம் நீங்க வந்தீங்க. நீங்க மாத்திச் சொல்றத கேக்குறதுக்கு அதவிட நல்லா இருந்துச்சு."

எதை மாற்றிச் சொன்னேன் என்றேன். பெரிய பட்டியலே வைத்திருந்தாள். மஞ்சள் சட்டைக்காரக் கிழவி உன் பெண்டாட்டி பன்றி மாதிரி பெருத்துவிட்டாள் என்று சொன்னதை, புடவை நன்றாக இருக்கிறதாம் என்று நான் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குக் கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது. நாலாம் நாள் என்று ஆ செங் சொன்னதும் கேட்டதா என்றேன்.

"மிஷின நான் போடவேயில்லையே. நல்லாக் கேட்டுச்சு. போக வேணாம்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டுன்னீங்க. சரி, பொய்யா இருந்தாலும் நாளு சரியான நாளுதானேன்னு வந்துட்டேன்."

கரை நெருங்கியதும் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள். "அம்மான்னு கூப்பிட ஒரு ஆளு வீட்டுல உக்காந்திருக்குங்க. அதே பேர எடுத்துட்டுப் போயி இன்னொருத்தருக்குக் குடுக்க முடியல. பேரு ஒண்ணுதான இருக்கு."

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. என் மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சோறு, ரசம், பொரித்த மீன், கத்திரிக்காய்க் கூட்டு எல்லாம் மூடிவைத்திருந்தது. யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழ டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் லெட்சுமி. "அங்க என்ன சாப்பாடு, வெறும் தண்ணிதான் குடுத்தாங்க. பசிக்குது."

வாத்துக்கறி மூன்று சுற்று, மீன் ஒரு சுற்று, நூடுல்ஸ் இரண்டு சுற்று சாப்பிட்டவள் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எனக்குக் குனிய முடியவில்லை. மாமியார் என் தட்டில் கரண்டி கரண்டியாகச் சோற்றை வைத்தார். நல்லாச் சாப்பிடுங்க மாப்ள, தண்ணியக் குடிச்சிட்டு வந்திருக்கீங்க என்றார். அது எனக்கான தண்டனை. பிறகு லெட்சுமியின் தட்டுப்பக்கம் திரும்பி, வழக்கம்போலக் கரண்டி நிறையச் சோற்றை அள்ளினார். கை பாதியில் நின்றது. லெட்சுமியின் முகத்தைப் பார்த்தார். லெட்சுமி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் கரண்டியைச் சோற்றுப் பானையின் விளிம்பில் மெதுவாகத் தட்டினார். பாதிச் சோறு திரும்ப உள்ளே விழுந்தது. மீதிப் பாதியை மகள் தட்டில் வைத்து, அதன்மேல் ரசத்தை ஊற்றினார்.

லெட்சுமி அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.